பட்டுப்புடவைக்கு இறங்காத புறா

அரக்குப் பட்டு, பெரிய பொட்டு, தலை நிறைய மல்லிகை. இந்த அலங்காரத்தோடு உச்சி வெயிலில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று தீனி டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் தங்கம் உட்கார்ந்திருந்தாள். காலையில் நெல்லூரில் திறந்துவிட்ட பெட்டைப் புறா. அத்தனை தூரமும் பறந்து வந்து, அரியலூரில் இத்தனை மாடிகளுக்கு நடுவில் எங்கள் மாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். என்னைத்தான் அடையாளம் தெரியவில்லை.

"வாடி" என்றேன். கழுத்தைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். ஓர் அடி கிட்டே போனேன். தொட்டியின் அந்தக் கோடிக்கு நடந்து போய்விட்டாள்.

மாடிப்படி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஜமால் பாய் உட்கார்ந்திருந்தார். லெப்பைக்குடிகாட்டுக்காரர். அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் என்பதால் புறா கிளப்பிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாட்சியை அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு அவர்.

பந்தயப் புறாவின் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கழற்றி, உள்பக்கத்து எண்ணைப் பார்த்து போனில் அனுப்பினால்தான் புறா வந்ததாகக் கணக்கு. வானத்தில் தெரிந்தாலும், தொட்டியில் உட்கார்ந்தாலும், கைக்கு வராதவரை வராத புறாதான்.

"நேரம் ஓடுதும்மா" என்றார் பாய்.

போன் அடித்தது. என் வீட்டுக்காரர். சுண்ணாம்புக்கல் குவாரியில் எலக்ட்ரீஷியன். விடியற்காலையில் கன்வேயர் பெல்ட் நின்றுபோய், லீவு போட்டிருந்த மனிதரைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

"வந்துட்டாளா?"

"வந்துட்டா. தொட்டி மேல குந்திக்கிட்டு எறங்க மாட்டேங்குறா."

"ஒனக்கு எறங்க மாட்டா. நான்தான் வரணும்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அந்தப் பேச்சு ஏன் அப்படிச் சுட்டது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் சக்களத்தியின் பெயர்

இந்தத் தொடரில் இதுவரை நான் பொறாமைப்பட்டதாக எழுதியவர்கள் எல்லோரும் மனிதர்கள். ஓரகத்தியின் கூந்தல், எதிர்வீட்டுக்காரியின் போர்வெல் தண்ணீர் என்று வரிசையாக எழுதிவிட்டேன். "உங்களுக்கு வயிற்றெரிச்சலைத் தவிர வேறு வேலையே இல்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இருக்கிறது. தினமும் புறாக்கூண்டு கழுவுகிறேன்.

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடுவது "இங்காரு" என்றுதான். கோபமென்றாலும் இங்காரு, குழம்பு நன்றாக இருந்தாலும் இங்காரு. எனக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்குத் தெரியும்.

அந்த மனிதர்தான், முட்டையை உடைத்துக்கொண்டு வந்த, இறகுகூட முளைக்காத, அழுக்குத் துணிபோல் கிடந்த ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, "தங்கம்" என்றார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் காதாலேயே கேட்டேன்.

அவள் வளர்ந்தாள். சாம்பல் உடம்பு, இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக ஒரு மினுக்கல். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் மாடிக்குப் போவார். காபி ஆறிக்கொண்டிருக்கும்.

அவளைக் கையில் எடுக்கும் விதத்தை நீங்கள் பார்க்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவில் கால்களைச் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கையில் நெஞ்சைத் தாங்கிக்கொள்வார். கட்டைவிரலால் மார்பெலும்பை மேலிருந்து கீழே தடவுவார். பிறகு வாலுக்கு அடியில் இருக்கும் இரண்டு ஊசி எலும்புகளுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்று சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பார். அப்புறம் இறக்கையை விசிறிபோல் விரித்து, ஒவ்வொரு இறகாக வெளிச்சத்தில் காட்டுவார். இதெல்லாம் முடியும்வரை வீட்டில் தீப்பிடித்தாலும் திரும்ப மாட்டார்.

குவாரியிலிருந்து வரும்போது சட்டைப் பையில் அவளுக்குச் சீர் வரும். சுண்ணாம்புக்கல் துண்டுகள். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடலாம். கல்லை உடைத்தால் உள்ளே கிளிஞ்சல் அச்சு இருக்கும். புறாவுக்குப் பல் கிடையாது. இரைப்பையில் பொடிக்கல் இருந்தால்தான் தீனி அரைபடும், முட்டை ஓட்டுக்கும் சுண்ணாம்பு கிடைக்கும். எனக்கு அந்தப் பையிலிருந்து ஒரு முழம் பூ வந்ததில்லை. கல்லை இடித்துப் பொடியாக்கிக் கொடுக்கும் வேலை மட்டும் வந்தது.

அப்படி இடித்து இடித்து ஒரு தடவை எனக்கு மணிக்கட்டில் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் மாடிக்குப் போய், "ஏங்க, கை வலிக்குதுங்க" என்றேன். அவர் தங்கத்தின் இறக்கையை விரித்து வைத்திருந்தார்.

"ம்" என்றார். நிமிரவில்லை.

எலும்புக்குள்ளே காற்று

இவ்வளவுக்கும் நான் விலங்கியல் படித்தவள். குன்னத்திலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்த பட்டம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புறாவின் எலும்புக்கூடு இருந்தது. அதைப் பார்த்து வரைய வேண்டும். என் பக்கத்துப் பெஞ்சுக்காரி வரைந்ததைத்தான் சுவரில் ஒட்டினார்கள். அந்த எரிச்சல் தனிக் கதை.

அந்த எலும்புக்கூட்டைப் பார்த்த நாளிலேயே எனக்குப் பறவை ஜாதியின் மேல் பொறாமை வந்துவிட்டது. எத்தனை சாமர்த்தியமான உடம்பு! வேண்டாததையெல்லாம் கழித்துக் கட்டியிருக்கிறது.

இறக்கையின் மேல்கை எலும்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே காற்று. ஆனால் வெறும் குழாய் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய முட்டுகள் கொடுத்திருக்கும். கனம் குறைவு, உறுதி குறையாது. நான் கல்யாணத்துக்குப் பிறகு ஏறிய எடையைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டேன். எனக்குள் காற்று எங்கேயும் இல்லை.

அதன் இடுப்பும் முதுகெலும்பின் பின்பாதியும் ஒன்றாக ஒட்டி ஒரே துண்டு. பறக்கும்போது உடம்பு வளையாமல் இருக்க அந்த ஏற்பாடு. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் எனக்கு அதைப் பார்த்து எப்படி இருக்கும்?

சிறுநீர்ப்பையும் கிடையாது. அந்தச் சுமையும் வேண்டாமென்று விட்டுவிட்டது. அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் பெண்களுக்கு இதன் அருமை தெரியும். சூலகம் ஒன்றுதான் வளர்கிறது, இடது பக்கத்தில். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துக்கொள்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு மாதாமாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மூச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நுரையீரலுக்கு அப்பால் உடம்பெங்கும் காற்றுப்பைகள். அதனால் மூச்சை வெளியே விடும்போதும் புதுக்காற்று நுரையீரல் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். மாடிப்படி ஏறி முடித்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் புஸ் புஸ்ஸென்று நிற்கும்போது, கூண்டுக்குள்ளிருந்து தங்கம் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பாள்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர், "எலும்பு ஓட்டைதானே, அதான் சீக்கிரம் ஒடிஞ்சிடுது" என்றார்.

"ஓட்டை இல்லைங்க. உள்ள முட்டுக் குடுத்திருக்கும். ஒங்க கன்வேயர் பெல்ட்டைத் தாங்குற இரும்புச் சட்டம் இல்ல? அது மாதிரி" என்றேன்.

அதோடு நிற்காமல் அவர் கையிலிருந்த அவளைக் காட்டியே பாடமும் எடுத்தேன். மார்பெலும்பு கத்திபோல் முன்னால் துருத்திக்கொண்டிருப்பது பறக்கும் தசைகள் ஒட்டிக்கொள்ள. இறக்கையை அடிக்கும் தசை மட்டுமல்ல, தூக்கும் தசையும் நெஞ்சில்தான் இருக்கிறது. அதன் நாண், தோளில் உள்ள ஒரு துளை வழியாக ஏறிப் போய் இறக்கையை மேலே இழுக்கிறது, கிணற்று ராட்டினத்தில் கயிறு போவதுபோல. கனமெல்லாம் கீழே நடுவில் இருந்தால்தான் காற்றில் தடுமாறாது.

அவர் வாயைப் பிளந்து கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த வாரம் கிளப் ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். டீ கொண்டுபோனேன். "உள்ள முட்டுக் குடுத்திருக்கும் பாய், நம்ம பெல்ட்டு சட்டம் மாதிரி" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். யார் சொன்னது என்று சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போட மறந்தது உண்மையிலேயே மறதிதான்.

வாலிகண்டபுரத்துக்கு மூன்று பேர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "இங்காரு, கௌம்பு. வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போயிட்டு வருவோம்" என்றார். எனக்கு நம்பவே முடியவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு கீழே வந்தேன்.

பைக்கில் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. உள்ளே தங்கம்.

பெரம்பலூர் தாண்டி கோயில் போய்ச் சேரும்வரை கூடையை நான்தான் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் "பாத்து, பாத்து" என்றார். என்னைச் சொல்லவில்லை. கோயில் குளத்துப் படியில் கூடையைத் திறந்தார். அவள் மேலே எழும்பி, ஒரு வட்டம் போட்டு, எங்கள் ஊர்த் திசையைப் பிடித்தாள். அவர் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தார். சாமியை அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

திரும்பி வீட்டுக்கு வந்தபோது முதுகு கழன்றுவிடும்போல் இருந்தது. தங்கம் கூண்டுக்குள் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "பாத்தியா, நமக்கு முன்னாடியே வந்துட்டா!" என்று அவர் சிரித்தார். நான் நேராக அடுப்படிக்குப் போனேன்.

தங்கமா, நானா

கேட்க வேண்டிய கேள்வியை ஒரு நாள் கேட்டுவிட்டேன். குன்னத்தில் என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் இவர் பெயரும் போட்டிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்துப் பந்தயம் வந்தது. நான் மட்டும் போய், பந்தலில் எல்லோரும் "மாமா எங்கே" என்று கேட்கக் கேட்க, "ஷிப்ட்டு" என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்த வேகத்தில் மாடிக்கு ஏறினேன். "தங்கமா, நானா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

"நெல்லூர் ரேஸ் ஒண்ணு இருக்கு. அதுல மொத மூணுக்குள்ள வந்துட்டா அவ இருக்கட்டும். வரலைன்னா விருத்தாசலத்துக்காரர் ரொம்ப நாளா கேக்குறாரு. குடுத்துடுறேன்" என்றார்.

விருத்தாசலத்துக்காரர் போன வருடம் ஜெயித்தவர். கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தில், புறாவைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மனைவி நின்றாள். மயில்கழுத்து நிறப் பட்டு. அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். நெல்லூர் பந்தயத்தன்று நான் அரக்குப் பட்டு கட்டியதற்கு அந்தப் படம்தான் காரணம். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு படம் எடுப்பார்கள் அல்லவா?

பொறாமை வைத்தியம்

நெல்லூருக்கு அனுப்புவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். தங்கத்தை அவள் ஜோடியிடமிருந்து பிரித்து, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் விட்டார். வலைக்கு அந்தப் பக்கம், அவள் கூட்டிலேயே, அவள் ஜோடிக்குப் பக்கத்தில், வேறொரு இளம் பெட்டையைக் கொண்டுபோய் வைத்தார்.

அந்த ஆண் புறா கொஞ்சமாவது யோசிக்க வேண்டுமே! கழுத்தை உப்பிக்கொண்டு புதியவளைச் சுற்றிச் சுற்றிக் குனுகியது. தங்கம் வலையில் மோதினாள். இறக்கையால் அடித்தாள். வலை நெடுக ஓடி ஓடிப் பார்த்தாள்.

"என்னங்க அநியாயம் இது?" என்றேன்.

"இங்காரு, இதைப் பாத்துட்டுப் போனாத்தான் வெரசா வருவா. வழியில தண்ணி குடிக்கக்கூட எறங்க மாட்டா."

"பறக்கறதுக்குத்தான் அத்தனை எலும்பும் இறக்கையும் இருக்கே. இது வேறயா?"

"அது பறக்கறதுக்கு. இது வூட்டுக்கு வரதுக்கு."

சொல்லிவிட்டு அவளைப் பிடித்துக் கூடைக்குள் விட்டார். கூடைக்குள்ளிருந்தும் அவள் அந்தப் பக்கம்தான் பார்த்தாள். வலைக்கு வெளியே நின்று அடுத்தவளைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல்முறையாக அவள் மேல் எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

மறுபடியும் மொட்டை மாடி

ஆக, அவள் தொட்டிமேல் உட்கார்ந்திருக்கிறாள். நான் கீழே பட்டுப்புடவையில் நிற்கிறேன். "ஒனக்கு எறங்க மாட்டா" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். சும்மா நின்றிருந்தால் போதும். மரியாதையாக டப்பாவைக் குலுக்கிக்கொண்டு, "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டு இருந்தால் நேரம் போய்விடும். சாயங்காலம் அவள் விருத்தாசலத்துக்காரருக்கு. என்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஜமால் பாயே சாட்சி.

ஆனால் அவள் அங்கே போனால் யார் கைக்குப் போவாள் என்று யோசித்தேன். மயில்கழுத்துப் பட்டு. அடுத்த வருடப் படத்தில் என் தங்கத்தை வைத்துக்கொண்டு அவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாள். தினமும் கூண்டு கழுவியது நான், கல் இடித்தது நான், படம் அவளுக்கா?

இன்னொன்றும் இருந்தது. அவர் ஷிப்ட்டுக்குப் போகும் நாளெல்லாம் தீனி போடுவது யார்? மாடியில் துணி உலர்த்தும்போது என் காலடியில் மேய்பவள் யாருடைய புறா? எனக்கு இறங்க மாட்டாளாமே! அவளை ஒழித்துக்கட்டவும் ஆசையாக இருந்தது. எனக்குத்தான் இறங்கினாள் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் ஆசையாக இருந்தது. இரண்டாவது ஆசை பெரிதாக இருந்தது.

அப்போது தங்கம் தொட்டியிலிருந்து எழும்பித் துணிக்கொடியில் போய் உட்கார்ந்தாள். கொடியில் என் பாசிப்பச்சை நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. பூவெல்லாம் வெளுத்து, தோளில் தையல் விட்ட நைட்டி. அவள் பக்கவாட்டில் நடந்து நடந்து அதன் கிட்டே போய் நின்றாள். நான் நெருங்கியதும் சட்டென்று மறுபடியும் தொட்டிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவளுக்குத் தெரிந்த நான் பச்சையாக இருப்பவள். அரக்குச் சிவப்பில் தகதகவென்று தலையில் வெள்ளையாக எதையோ வைத்துக்கொண்டு நிற்பவள் யாரோ!

பாய் இருக்கிறாரே என்று ஒரு கணம் பார்த்தேன். அவர் புரிந்துகொண்டவர்போல் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கொடியிலிருந்து நைட்டியை உருவி, பட்டுப்புடவைக்கு மேலேயே தலைவழியாக மாட்டிக்கொண்டேன். பூவைப் பிய்த்து எறிந்தேன். ஜரிகை கொசுவத்தோடு உள்ளே உப்பிக்கொண்டு நின்றது. வெயிலில் வேர்த்துக் கொட்டியது. இந்தக் கோலத்துக்கு என்னை ஆளாக்கிய மனிதரின் மேல் ஆத்திரம் பொங்கியது.

"வெளங்காத மனுசன்! கீரை வாங்கிட்டு வாங்கன்னா பச்சைப் பட்டாணி வாங்கிட்டு வருது. தங்கச்சி புள்ள காதுகுத்துக்கு வரத் துப்பில்ல. பேரைச் சொல்லிக் கூப்புட வாய் வராது. எனக்கு எறங்க மாட்டாளாம்ல, எனக்கு..."

தோளில் ஏதோ மோதியது. தங்கம்.

நினைத்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். தினமும் துணி உலர்த்தும்போது நான் அவளிடம் பேசுவது வேறென்ன? அவரைத் திட்டுவதுதான். அவளுக்குத் தீனிக்கான மணியோசை அதுதான்.

இரண்டு கையாலும் அவளைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அத்தனை நாளும் அவள் உடம்பை ஏட்டிலும் அவர் கையிலும்தான் பார்த்திருந்தேன். நெல்லூரிலிருந்து வந்த உடம்பு அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிபோல் சுட்டது. கட்டைவிரலுக்கு அடியில் அந்த மார்பெலும்பு. காலையில் இரண்டு பக்கமும் திரண்டு இருந்திருக்க வேண்டிய சதை வற்றி, எலும்பின் விளிம்பு கூராகத் தெரிந்தது. அதற்குள்ளே இதயம் அடித்ததை எண்ண முடியாது, ஒரே அதிர்வாக இருந்தது. கனமே இல்லை. ஒரு பறவையின் இறகுகளை எல்லாம் சேர்த்து எடை போட்டால் அதன் எலும்புக்கூட்டைவிடக் கனமாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் நம்பினேன். இவ்வளவு இலேசான ஒன்று, பொறாமையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. என்னால் அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிகூட ஏற முடியவில்லை.

"மாஷா அல்லாஹ்! வளையத்தைக் கழட்டும்மா, வளையத்தை" என்று பாய் ஓடி வந்தார்.

இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் விருத்தாசலம். குழுவில் வந்த படத்தில் விருத்தாசலத்துக்காரர் மனைவி மாம்பழ நிறப் பட்டு கட்டியிருந்தாள். அடுத்த படத்தில் நான், நைட்டியும் அதற்குக் கீழே ஒரு சாண் ஜரிகையுமாக, தோளில் தங்கத்தோடு.

சாயங்காலம் வந்த என் வீட்டுக்காரரிடம் பாய் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "ஒங்கள திட்டித் திட்டியே எறக்கிட்டாங்க" என்றாராம். இவர் சிரிக்கவில்லை. மாடிக்குப் போய்த் தங்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "என் தோள்ல அவ ஒரு நாளும் வந்து குந்துனதில்ல" என்றார். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். என்னுடையது. அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

நைட்டியைக் காணவில்லை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சை நைட்டியைத் தேடினேன். பீரோவில் இல்லை, அழுக்குக் கூடையில் இல்லை. கொடியில் இருக்குமோ என்று மாடிப்படி ஏறினேன். பாதியில் நின்றேன். மேலே பேச்சுக் குரல் கேட்டது.

எட்டிப் பார்த்தேன். லுங்கிக்கு மேல் என் பச்சை நைட்டியை மாட்டிக்கொண்டு, கையில் டப்பாவோடு அவர் நின்றார். தோள் தையல் இன்னும் கொஞ்சம் கிழிந்திருந்தது. தங்கம் தொட்டியின்மேல் உட்கார்ந்து அவரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளங்காத மனுசன்" என்று அவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார். "கீரை வாங்கிட்டு வாங்கன்னா பட்டாணி வாங்கிட்டு வருது. காதுகுத்துக்கு வரத் துப்பில்ல. பேரைச் சொல்லிக் கூப்புட வாய் வராது."

கிட்டத்தட்ட என் சொற்களிலேயே சொன்னார். பாய் சொல்லிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன். தங்கம் அசையவில்லை. அவர் டப்பாவைக் குலுக்குவதை நிறுத்தினார். குரலும் கொஞ்சம் இறங்கியது.

"கை வலிக்குதுங்குறா. நிமிந்து பாத்தானா பாவி."

அதை நான் பாயிடம் சொன்னதில்லை. தங்கத்திடமும் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, அவரிடம் சொன்னது.

தங்கம் தொட்டியிலிருந்து இறங்கி அவர் தோளில் உட்கார்ந்தாள்.

எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. என் நைட்டி, என் திட்டு, என் புறா. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். மீதிப் படிகளையும் ஏறி அவர் முன்னால் போய் நின்றேன். திடுக்கிட்டார். நைட்டியைப் பார்த்துக்கொண்டார், என்னைப் பார்த்தார். தோளில் புறா இருந்ததால் அசையவும் முடியவில்லை.

"எந்தக் கை?" என்றார்.

அந்த வலி போய் வருடக்கணக்காகிவிட்டது. கையை நீட்டினேன்.